வீட்டுப் பூனையைக் குளிப்பாட்டும் முறை

பூனைக்குத் தண்ணீர் ஆகாது என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. ஆனால் தொட்டிக்குள் இறக்கப்பட்ட பூனையின் கால்களைச் சற்று நேரம் உற்றுக் கவனித்தால், அதன் அச்சத்தின் பெரும்பகுதி வேறெங்கோ இருப்பது தெரியவரும். விரல்கள் அகல விரிந்து, நகங்கள் முழுவதும் வெளிவந்து, வழவழப்பான தரையில் பிடிமானம் கிடைக்காமல் ஒவ்வொரு காலும் தனித்தனியாகச் சறுக்கிக்கொண்டிருக்கும். அந்நேரத்தில் மேலிருந்து குழாய் இரைந்து கொட்டினால், அதை ஒருவர் பிடரியைப் பிடித்து அழுத்தவும் செய்தால், தப்பி ஓடுவதைத் தவிர வேறு வழி அதற்குத் தோன்றாது. காலூன்ற இடமில்லாமை, இரைச்சல், அழுத்திப் பிடிக்கும் கை ஆகிய இம்மூன்றையும் நீக்கிவிட்டால், வெதுவெதுப்பான தண்ணீரைப் பெரும்பாலான பூனைகள் விருப்பமில்லாவிட்டாலும் பொறுத்துக்கொள்கின்றன. எனவே குளியல் நன்றாக முடிவதும் மல்லுக்கட்டாக முடிவதும் பெரும்பாலும் பூனையைத் தூக்கி வருவதற்கு முன்னரே தீர்மானமாகிவிடுகிறது. சூடு கண்ட பூனை அடுப்பண்டை சேராது என்ற பழமொழி இங்கே அப்படியே பொருந்தும். முதல் குளியலில் மிரண்ட பூனை, அடுத்த முறை குளியலறைக் கதவு திறக்கும் ஓசைக்கே கட்டிலின் அடியில் போய் ஒளிந்துகொள்ளும். அதனால்தான் இந்தக் கட்டுரையில் கழுவும் முறையைவிட முன்னேற்பாட்டுக்குக் கூடுதல் இடம் தரப்பட்டுள்ளது.

குளியல் தேவைதானா என்று முதலில் பாருங்கள்

பூனையின் நாக்கில் பின்னோக்கி வளைந்த நுண்ணிய முட்கள் இருக்கின்றன. நம் நகம் எந்தப் பொருளால் ஆனதோ அதே கெரட்டினால் ஆன அந்த முட்களின் நுனியில் சிறு குழிவு உண்டு. அக்குழிவு எச்சிலை உறிஞ்சி எடுத்து, அடர்ந்த மயிரைத் தாண்டித் தோல்வரை கொண்டுசேர்க்கிறது. விழித்திருக்கும் நேரத்தில் கணிசமான பகுதியைப் பூனை இவ்வாறு தன்னை நக்கிச் சுத்தம் செய்வதிலேயே செலவிடுகிறது. வீட்டுக்குள்ளேயே வாழும், உடல்நலமுள்ள, குட்டை மயிர்ப் பூனைக்கு வாழ்நாள் முழுவதும் ஒரு முறைகூடக் குளியல் தேவைப்படாமல் போகலாம். அடிக்கடி குளிப்பாட்டினால் தோலின் இயற்கையான எண்ணெய்ப் பசை நீங்கி, வறட்சியும் அரிப்பும் பொடுகும் வந்துசேரும். நாம் வாரந்தோறும் தலைக்குக் குளிக்கிறோம் என்பதற்காகப் பூனைக்கும் அப்படி ஒரு நாளைக் குறித்துவைக்க வேண்டியதில்லை.

இதற்கு விலக்குகள் உண்டு. மயிரே இல்லாத ஸ்ஃபிங்ஸ் வகைப் பூனையின் தோலில் சுரக்கும் எண்ணெயை உறிஞ்சிக்கொள்ள மயிர் இல்லாததால், அது பிசுபிசுப்பாகத் தோலிலேயே தேங்கிவிடுகிறது. இவ்வகைக்கு ஏறக்குறைய வாரம் ஒரு முறை குளியல் வேண்டியிருக்கும். பாரசீகப் பூனை போன்ற நீள மயிர் வகைகளுக்கு மயிர் சிக்கு விழாமலிருக்கவும், வயிற்றுப்போக்கு வந்தால் பின்புறத்தைத் தூய்மை செய்யவும் குளியல் தேவைப்படுகிறது. முதுமையாலும் மூட்டுவலியாலும் உடற்பருமனாலும் முதுகின் பின்பகுதியை எட்ட முடியாத பூனைகளுக்கு, வாலடியில் உள்ள மயிர் எண்ணெய் படிந்து கற்றை கற்றையாகப் பிரிந்து நிற்பதைக் காணலாம். அவற்றுக்கும் நம் உதவி வேண்டும். ஆனால் அதுவரை பளபளவென்று தன்னைப் பேணிவந்த பூனை திடீரென்று நக்குவதைக் கைவிட்டால், அது குளியலால் தீரும் சிக்கல் அன்று. பல்நோய், மூட்டு அழற்சி, நீரிழிவு எனப் பல நோய்களின் முதல் அடையாளமாக அது இருக்கக்கூடும். அத்தகைய பூனையைக் குளிப்பாட்டிப் பளிச்சென்று ஆக்குவதற்கு முன் கால்நடை மருத்துவரிடம் காட்டுவதே முறை.

பூனையால் ஒவ்வாமை ஏற்படும் வீடுகளில், குளிப்பாட்டினால் தும்மல் குறையுமா என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. ஒவ்வாமையை உண்டாக்கும் முதன்மைப் புரதம் பூனையின் எச்சிலிலும் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளிலும் உற்பத்தியாவதால், குளித்த கையோடு அதன் அளவு குறைந்தாலும் சில நாட்களிலேயே பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது. அந்தச் சில நாட்களின் பயனுக்காகப் பூனையை வாரந்தோறும் பாடாய்ப் படுத்துவது தகுமா என்பதை அந்தந்த வீட்டார் எண்ணிப் பார்க்க வேண்டும். என் கருத்தில் தகாது.

குளிப்பாட்டவே கூடாத நிலைகளும் இருக்கின்றன. எட்டு வாரத்துக்கு உட்பட்ட குட்டிகளால் உடல் வெப்பத்தைச் சரிவரக் காத்துக்கொள்ள முடியாது. அவற்றை நனைப்பது ஆபத்தானது என்பதால், வெதுவெதுப்பான தண்ணீரில் பிழிந்த துணியால் அழுக்குப்பட்ட இடத்தை மட்டும் துடைத்து உடனே உலர்த்திவிட வேண்டும். காய்ச்சலோ சளியோ உள்ள பூனை, பேறுகாலம் நெருங்கிய பூனை, அறுவைச் சிகிச்சைக்குப் பின் தையல் ஆறாத பூனை ஆகியவற்றையும் குளிப்பாட்டக் கூடாது. தடுப்பூசி போட்ட அன்று ஏற்கெனவே சோர்ந்திருக்கும் பூனையைத் தொந்தரவு செய்யாமல் சில நாட்கள் பொறுப்பது நல்லது.

காத்திருக்க முடியாத ஒரு நிலை

மேலே சொன்னவை எல்லாம் நிதானமாக நாள் பார்த்துச் செய்யக்கூடியவை. ஆனால் பூனையின் மேல் நச்சுப்பொருள் பட்டுவிட்டால் நிலைமையே வேறு. தன் மேல் ஒட்டியது எதுவானாலும் அதை நக்கியே அகற்றுவது பூனையின் இயல்பு என்பதால், மயிரில் பட்டது சிறிது நேரத்தில் வயிற்றுக்குள் போய்விடும். மேலும், பல வேதிப்பொருட்களைச் சிதைத்து வெளியேற்றுவதற்கு வேண்டிய சில நொதிகள் பூனையின் கல்லீரலில் மிகக் குறைவு. மனிதருக்கும் நாய்க்கும் பெரிதாகத் தீங்கு செய்யாத அளவுகூடப் பூனையின் உயிருக்கு உலைவைக்கலாம். தரை துடைக்கும் ஃபீனால் வகைக் கிருமிநாசினி, வண்டியின் குளிர்விப்பானில் ஊற்றும் எத்திலீன் கிளைக்கால் கலந்த திரவம், எஞ்சின் எண்ணெய், பெயின்ட், லில்லி மலரின் மகரந்தம் ஆகியவை இவ்வகையில் குறிப்பிட வேண்டியவை. லில்லி மகரந்தம் சிறிதளவு மயிரில் படிந்து, அதைப் பூனை நக்கினாலே சிறுநீரகம் செயலிழக்கக்கூடும்.

இத்தகைய நேரத்தில் பூனையை ஒரு துண்டில் சுற்றி, அது நக்காதபடி பார்த்துக்கொண்டு, முதலில் கால்நடை மருத்துவரைத் தொலைபேசியில் அழையுங்கள்; பட்ட பொருளின் பெயரைப் புட்டியைப் பார்த்துச் சொல்லுங்கள். வீட்டிலேயே கழுவிவிட்டுக் கொண்டுவரச் சொன்னால், எண்ணெய்ப் பசையுள்ள பொருட்களுக்குப் பாத்திரம் கழுவும் நீர்மச் சோப்பைச் சிறிதளவு பயன்படுத்தலாம். அதன் வேலை எண்ணெயை அகற்றுவது என்பதால் இந்த அவசரத்துக்கு அது உதவும். வழக்கமான குளியலுக்கு அதே காரணத்தால் அது உதவாது. பெயின்டையும் தாரையும் கரைக்கிறேன் என்று மண்ணெண்ணெய், டர்பன்டைன், தின்னர் ஆகியவற்றை எக்காரணம் கொண்டும் தொடாதீர்கள். அவை தோலைப் புண்ணாக்குவதோடு தாமே நஞ்சாகவும் அமையும். கழுவிய பிறகும் மருத்துவரிடம் கொண்டுசெல்வதைத் தவிர்க்கக் கூடாது.

முன்னேற்பாடு

குளியலுக்குச் சில நாட்கள் முன்பிருந்தே, தண்ணீர் இல்லாத காலித் தொட்டிக்குள் பூனையை விட்டு, அதற்குப் பிடித்த தின்பண்டத்தை அங்கேயே கொடுத்துப் பழக்குங்கள். அது தானாகவே உள்ளே குதித்து மோந்து பார்க்கும் அளவுக்கு அந்த இடம் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது. நகங்களின் கூர்நுனியைக் குளியல் நாளன்று வெட்டாமல் முந்தைய நாளே வெட்டிவிட வேண்டும். இரண்டு தொந்தரவுகளை ஒரே நாளில் கொடுத்தால் பூனையின் பொறுமை முதலாவதிலேயே தீர்ந்துவிடும். நகத்தினுள் இளஞ்சிவப்பாகத் தெரியும் உயிர்ப்பகுதியில் இரத்தக்குழாய் ஓடுவதால், அதற்கு முன்னுள்ள வெண்மையான வளைவை மட்டுமே வெட்டலாம்.

அடுத்தது சீவுதல். இது அழகுக்காகச் செய்வது அன்று. மயிரில் உள்ள சிக்கு நனைந்தவுடன் இறுகிக் கட்டியாகிவிடும். அதன் அடியில் ஷாம்புவும் ஈரமும் தங்கித் தோலைப் புண்ணாக்கும். எனவே காது மடலின் பின்புறம், முன்னங்கால் அக்குள், வயிறு, தொடையின் உட்புறம் ஆகிய இடங்களை விரலால் தடவிப் பார்த்து, சிக்கு இருந்தால் உலர்ந்த நிலையிலேயே நுனியிலிருந்து தொடங்கிச் சிறிது சிறிதாகப் பிரித்துவிட வேண்டும். பிரிக்க முடியாத சடையைக் கத்தரிக்கோலால் வெட்டப் போகாதீர்கள். பூனையின் தோல் மெல்லியது. சடையை இழுக்கும்போது அதனோடு தோலும் மேலெழுந்து வரும் என்பதால், மயிரை வெட்டுவதாக நினைத்துத் தோலையே வெட்டிவிடும் விபத்து எளிதில் நேரும். அத்தகைய சடையை மழிப்பு இயந்திரத்தால் எடுப்பவரிடமோ மருத்துவரிடமோ விட்டுவிடுங்கள்.

ஷாம்புவைத் தேர்ந்தெடுப்பதில் கண்ணும் கருத்துமாக இருக்க வேண்டும். மனிதத் தோல் சற்று அமிலத்தன்மை உடையது. பூனையின் தோல் நடுநிலையை ஒட்டியது. ஆகவே நம்முடைய ஷாம்பு, குழந்தைகளுக்கானது உட்பட, அதற்கு ஏற்றதன்று. பூனைக்கென்றே தயாரிக்கப்பட்ட, நறுமணம் குறைந்த ஷாம்புவை வாங்குங்கள். நாய்க்கான ஷாம்புவை, குறிப்பாகத் தெள்ளுப்பூச்சியையும் உண்ணியையும் ஒழிக்கும் வகையை, பூனையின் பக்கத்திலேயே கொண்டுவரக் கூடாது. அவற்றில் சிலவற்றில் உள்ள பெர்மெத்ரின் என்னும் பூச்சிக்கொல்லி நாய்க்குத் தீங்கில்லாதது, ஆனால் பூனைக்கு நடுக்கமும் வலிப்பும் வரவழைத்து உயிரையே பறிக்கக்கூடியது. ‘இயற்கையானது’ என்ற சொல்லைப் புட்டியின் மேல் பார்த்தவுடன் நம்பிவிடவும் கூடாது. தேயிலை மர எண்ணெய் போன்ற வாசனை எண்ணெய்கள் பூனைக்கு நச்சுத்தன்மை உடையவை. வாங்கிய ஷாம்புவைக் குப்பியிலிருந்து நேரடியாகப் பூனையின் மேல் ஊற்றாமல், ஒரு குவளை வெதுவெதுப்பான தண்ணீரில் சிறிதளவு விட்டுக் கலக்கி வைத்துக்கொள்ளுங்கள். அவ்வாறு நீர்த்த ஷாம்பு மயிரின் அடிவரை விரைவில் பரவும். அலசும்போதும் விரைவில் போய்விடும். மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்து ஷாம்புவானால், நீர்த்துப் பயன்படுத்தலாமா என்பதை அவரிடமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இடத்தைப் பொறுத்தவரை, பெரிய குளியல் தொட்டியைவிடச் சமையலறையிலோ குளியலறையிலோ உள்ள ஆழமான கழுவுதொட்டி, அல்லது அகலமான பிளாஸ்டிக் தொட்டி வசதியானது. நின்றபடியே, முதுகு வளையாமல், பூனையை நம் உடம்போடு அணைத்தாற்போல் வைத்துக் கழுவ முடியும். கதவையும் சன்னலையும் மூடுங்கள். காற்றை வெளியேற்றும் விசிறியை நிறுத்துங்கள். தட்டினால் விழக்கூடிய புட்டிகளை அப்புறப்படுத்துங்கள். தொட்டியின் அடியில் ரப்பர் விரிப்பையோ, நான்காக மடித்த பழைய துண்டையோ ஓரம்வரை பரப்புங்கள். இந்த ஒரு துண்டுதான் குளியலின் ஆதாரம் என்று சொல்வேன். வேறு எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது. நகம் பதிந்து நிற்க ஓர் இடம் கிடைத்ததும் பூனையின் கால்கள் தளர்வதைக் கையாலேயே உணரலாம்.

தண்ணீரைப் பூனை வருவதற்கு முன்பே நிரப்பிவிட வேண்டும். ஆழம் 5 முதல் 8 சென்டிமீட்டர் போதும். நிற்கும் பூனையின் வயிற்றுக்கு எட்டக்கூடாது. பூனையின் உடல் வெப்பம் நம்முடையதைவிடச் சற்று மிகுதி, ஏறத்தாழ 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். அதை ஒட்டி 37, 38 டிகிரி அளவில் தண்ணீர் இருப்பது நலம். வெப்பமானி இல்லையென்றால் உள்மணிக்கட்டை நனைத்துப் பாருங்கள். சூடாகவும் தெரியாமல் குளிர்ச்சியாகவும் தெரியாமல் இருந்தால் அதுவே சரியான பதம். அலசுவதற்காக இதே பதத்தில் இரண்டு மூன்று வாளிகளைத் தனியே நிரப்பி மூடி வையுங்கள். நடுவில் குழாயைத் திறக்க வேண்டிய நிலை வரக் கூடாது என்பதே இதன் நோக்கம். மூன்று பெரிய துண்டுகள், முகம் துடைக்க ஒரு மெல்லிய துணி, தண்ணீர் மொள்ள ஒரு சிறு குவளை, பிடித்த தின்பண்டம் ஆகியவை எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

பூனை விளையாடிக் களைத்திருக்கும் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். வயிறு நிறையத் தின்றவுடன் வேண்டாம். முழுக்கைச் சட்டை அணிவது கீறலிலிருந்து காக்கும். தடித்த தோல் கையுறையைச் சிலர் பரிந்துரைப்பதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை, ஏனெனில் பூனையின் தசை எப்போது இறுகுகிறது, எப்போது தளர்கிறது என்பதை வெறுங்கை சொல்வதுபோல் கையுறை சொல்லாது. இரண்டு பேர் இருந்தால் ஒருவர் பிடிக்கவும் மற்றவர் கழுவவும் வசதியாக இருக்கும். மூன்றாவது ஆள் தேவையில்லை, வேடிக்கை பார்க்கவும் யாரும் வேண்டாம்.

தொட்டிக்குள் இறக்குதல்

ஒரு கையை மார்பின் அடியிலும் மறு கையைப் பின்புறத்தின் அடியிலும் கொடுத்துத் தூக்கி வந்து, பின்னங்கால்களை முதலில் தண்ணீருக்குள் விரிப்பின் மேல் பதியவையுங்கள். முன்னங்கால்களை உடனே இறக்க அவசரப்பட வேண்டாம். அவற்றைத் தொட்டியின் விளிம்பின் மேல் ஊன்றவிட்டால், வெளியே பார்த்தபடி நிற்கும் பூனைக்கு அடைபட்ட உணர்வு குறைகிறது. பல பூனைகளை முழுக் குளியலும் இந்த நிலையிலேயே முடித்துவிடலாம். உங்கள் ஒரு கை மார்பின் குறுக்கே, பட்டும் படாமலும், தேவைப்பட்டால் மட்டும் தாங்கும் விதத்தில் இருக்கட்டும். பிடரித் தோலைக் கொத்தாகப் பிடித்துத் தூக்குவதோ அழுத்துவதோ வேண்டாம். தாய்ப்பூனை குட்டியைக் கவ்வுவதை இதற்கு நியாயமாகச் சொல்வார்கள். வளர்ந்த பூனைக்கு அது வலியும் அச்சமும் தரும் பிடி. அந்தப் பிடியில் அசையாமல் இருக்கும் பூனை அமைதியாக இருப்பதாகக் கொள்ள முடியாது.

குவளையால் தண்ணீரை மொண்டு, அதன் விளிம்பைப் பூனையின் உடம்போடு ஒட்டி வைத்து, கழுத்துக்குக் கீழிருந்து வால் நோக்கி ஓசையின்றி வழியவிடுங்கள். உயரத்திலிருந்து ஊற்றும் தண்ணீர் உடம்பில் மோதும் ஓசையும் தாக்கமும்தான் பூனையைத் துள்ளவைக்கின்றன. மேல்மயிரின் கீழ் அடர்ந்த உள்மயிர் இருப்பதால், மேலே நனைந்தாற்போல் தெரிந்தாலும் தோல் உலர்ந்தே இருக்கும். மறு கையின் விரல்களால் மயிரை விலக்கி விலக்கித் தண்ணீரை உள்ளே செலுத்த வேண்டும். இவ்வளவு நேரமும் தாழ்ந்த குரலில், ஒரே சீராகப் பேசிக்கொண்டிருங்கள். பேசும் பொருள் எதுவானாலும் பூனைக்கு ஒன்றுதான். ஆனால் பழகிய குரல் அதைத் தணிக்கிறது, பேசுகிற நமக்கும் கை பதறாமல் இருக்கிறது.

கலக்கி வைத்த ஷாம்புவைக் கழுத்தின் பின்புறத்திலிருந்து வாலடிவரை ஊற்றி, மயிர் படிந்திருக்கும் போக்கிலேயே தடவிக்கொடுங்கள். துணி துவைப்பதுபோல் கசக்கினால் மயிர் சிக்காகும். வயிறு, தொடை இடுக்கு, வாலின் அடிப்புறம், பாதத்தின் விரலிடுக்கு ஆகியவற்றில் சற்று நின்று தேயுங்கள். முதுகுக்கு அவ்வளவு வேண்டியதில்லை. தெள்ளுப்பூச்சிக்காகக் குளிப்பாட்டுவதாக இருந்தால், வேறெங்கும் நனைப்பதற்கு முன் கழுத்தைச் சுற்றி ஒரு வளையமாக நுரையைப் பூசிவிடுங்கள். தண்ணீர் பட்டவுடன் பூச்சிகள் உலர்ந்த இடம் தேடி முகத்துக்கும் காதுக்கும் ஏறும். அந்த நுரை வளையம் அவற்றை வழியிலேயே தடுத்துவிடும். இருப்பினும் குளியல் உடம்பில் உள்ள பூச்சிகளை மட்டுமே அகற்றும். முட்டையும் புழுவும் படுக்கையிலும் விரிப்பிலும் தரை இடுக்கிலும் இருப்பதால், படுக்கையை வெந்நீரில் துவைத்து, தரையை நன்கு பெருக்கி எடுத்து, மருத்துவர் தரும் தடுப்பு மருந்தையும் இட்டால்தான் தொல்லை ஒழியும். கழுத்தில் இடும் சொட்டு மருந்துகளில் சில, குளியலுக்கு முன்னும் பின்னும் ஏறத்தாழ இரண்டு நாள் இடைவெளி கேட்பவை. உறையில் உள்ள குறிப்பைப் படித்து நாளைத் திட்டமிடுங்கள்.

படர்தாமரைக்கு மருந்து ஷாம்பு கொடுக்கப்பட்டிருந்தால், அது தோலில் ஊறி நிற்க வேண்டிய நேரத்தைக் குறைக்கக் கூடாது. பெரும்பாலும் அது 10 நிமிடம் அளவில் இருக்கும். அந்நேரம் முழுவதும் தொட்டிக்குள் நிறுத்திவைத்தால் பூனை குளிரில் நடுங்கும், தன்னை நக்கவும் முற்படும். ஒரு துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொள்வதே நல்ல வழி. இந்நோய் மனிதருக்கும் தொற்றும் என்பதால் இங்கே மட்டும் மெல்லிய ரப்பர் கையுறை அவசியம். பயன்படுத்திய துண்டுகளைத் தனியே துவைக்க வேண்டும்.

முகத்துக்கு ஷாம்புவும் வேண்டாம், தண்ணீரும் ஊற்ற வேண்டாம். ஈரத் துணியால் கண்ணோரத்தையும் மூக்கோரத்தையும் முகவாயையும் துடைத்தால் போதும். ஒரு கண்ணைத் துடைத்த பகுதியால் மற்றொன்றைத் துடைக்காதீர்கள். காதுக்குள் தண்ணீர் போகாமல் இருக்கப் பஞ்சு அடைக்கச் சிலர் சொல்வதுண்டு. பெரும்பாலான பூனைகள் தலையை உதறி அதை எறிந்துவிடும், எறியாதவற்றில் நாம் எடுக்க மறந்துவிடும் அபாயம் உண்டு. ஆகவே தலையை நனைக்காமல் இருப்பதே இதைவிட எளிய காப்பு.

அலசுதல்

குளியலில் மிகுதியான நேரம் எடுக்க வேண்டிய கட்டம் இதுவே. ஆனால் பூனையும் நாமும் களைத்துப்போன நேரத்தில் வருவதால் பெரும்பாலும் அரைகுறையாக முடிவதும் இதுவே. மயிரில் தங்கிய ஷாம்பு வெறும் அழகுக் குறைவன்று. குளித்து முடித்ததும் பூனை செய்யும் முதல் வேலை தன்னை நக்குவதுதான் என்பதால், மிச்சமிருப்பதெல்லாம் அதன் வயிற்றுக்குள் போகும், தோலில் தங்கியது அரிப்பைத் தரும். தொட்டியில் உள்ள நுரைத் தண்ணீரை வடியவிட்டு, தனியே வைத்த வாளிகளிலிருந்து மொண்டு அலசுங்கள். ஈரமயிரை இரு விரல்களுக்கு இடையே வைத்து வேரிலிருந்து நுனிக்கு உருவிப் பாருங்கள். விரல் வழுக்கிக்கொண்டு போனால் ஷாம்பு இருக்கிறது, லேசாகப் பிடித்து உரசிக்கொண்டு போனால் போய்விட்டது. வடியும் தண்ணீர் தெளிந்த பிறகும் அக்குள், தொடை இடுக்கு, வாலடி, விரலிடுக்கு ஆகிய இடங்களை மட்டும் இன்னொரு முறை அலசுவது வழக்கமாக இருக்கட்டும்.

எந்தக் கட்டத்திலும் நிறுத்திவிட நாம் ஆயத்தமாக இருக்க வேண்டும். காது தலையோடு படிந்து பின்னுக்குப் போவது, வால் நுனி சாட்டையாக அடிப்பது, கண்மணி அகலமாக விரிவது, அடித்தொண்டையில் உறுமுவது ஆகியவை பூனை தன் எல்லையை நெருங்கிவிட்டதைக் காட்டும். அப்போது ஷாம்பு போடுவதை விட்டுவிட்டு அலசி முடித்துவிடுங்கள். ஷாம்பு போடாத இடம் அப்படியே இருக்கட்டும். வாயைத் திறந்தபடி மூச்சு வாங்கத் தொடங்கினால் நிலைமை வேறு. நாய் அவ்வாறு மூச்சு வாங்குவது இயல்பு, பூனைக்கு அது இயல்பன்று. உடனே வெளியே எடுத்துத் துண்டில் போர்த்தி அமைதியான இடத்தில் விட வேண்டும். சில நிமிடங்களில் மூச்சு சீராகாவிட்டால் மருத்துவரிடம் விரைய வேண்டும்.

உலர்த்துதல்

தொட்டியில் இருக்கும்போதே கால்களிலும் வாலிலும் உள்ள தண்ணீரைக் கையால் மெல்ல உருவிவிடுங்கள். பின்பு துண்டில் முகம் மட்டும் வெளியே தெரியுமாறு சுற்றி எடுத்து, ஒற்றி ஒற்றி ஈரத்தை வாங்குங்கள். முன்னும் பின்னும் தேய்த்தால் நீள மயிர் முழுவதும் முடிச்சாகிவிடும். முதல் துண்டு நனைந்ததும் தயங்காமல் அடுத்ததற்கு மாறுங்கள். துண்டுகளை முன்கூட்டியே சற்றுச் சூடாக்கி வைத்திருந்தால், அதுவரை முறுக்கிக்கொண்டிருந்த பூனை அந்தக் கதகதப்பில் அடங்கி நிற்பதைப் பார்க்கலாம்.

ஹேர் டிரையரின் இரைச்சல் பெரும்பாலான பூனைகளுக்கு ஆகாது. குட்டை மயிர்ப் பூனைக்கு அது தேவையும் இல்லை. குளிர்காற்று வீசாத கதகதப்பான அறையில் விட்டால் மிச்சத்தை அதுவே நக்கி உலர்த்திக்கொள்ளும். நீள மயிர்ப் பூனைக்கு உள்மயிர் ஈரமாகவே நின்றுவிடும் என்பதால் டிரையர் வேண்டியிருக்கலாம். அப்போது மிகக் குறைந்த வேகத்திலும் மிகக் குறைந்த சூட்டிலும், ஒரே இடத்தில் நிறுத்தாமல், முகத்தை விலக்கி, நம் கையையும் காற்றின் பாதையில் வைத்துச் சூட்டை அறிந்துகொண்டே பயன்படுத்த வேண்டும். மயிர் முக்கால்வாசி உலர்ந்த நிலையில் அகலப் பல் சீப்பால் சீவினால் சிக்கு விழாது. முழுவதும் உலரும்வரை வெளியே விடாதீர்கள். துண்டிலிருந்து விட்ட அந்த நொடியே தின்பண்டத்தைக் கொடுத்துவிடுங்கள். அது ஓடி ஒளிந்தால் பின்தொடர வேண்டாம், தின்பண்டத்தை ஒளிந்த இடத்தின் அருகில் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

முழுக் குளியலுக்கு மாற்று

எவ்வளவு பொறுமையாகப் பழக்கினாலும் தொட்டியை ஏற்காத பூனைகள் உண்டு. அவற்றோடு போராடுவதைவிட, அழுக்கான இடத்தை மட்டும் ஈரத் துணியால் துடைப்பது எவ்வளவோ மேல். பூனைக்கென விற்கும் நனைந்த துடைப்பான்களும், தண்ணீரின்றித் தடவித் துடைத்துவிடும் நுரை ஷாம்புவும் சிறிய அழுக்குக்குப் போதுமானவை. மனிதக் குழந்தைக்கான வாசனைத் துடைப்பானைத் தவிர்க்க வேண்டும். நீள மயிர்ப் பூனையின் பின்புறத்தில் அடிக்கடி மலம் ஒட்டுகிறது என்றால், அந்த இடத்து மயிரைத் தொழில் தெரிந்தவரிடம் குட்டையாக மழித்துவிட்டால் குளியலின் தேவையே பாதியாகக் குறையும். நாள்தோறும் சில நிமிடம் சீவிவிடுவது, எந்த வகைப் பூனைக்கும் குளியலைத் தள்ளிப்போட உதவும்.

குளியலின்போது பூனை கடித்துவிட்டால் அதைச் சிறிய காயம் என்று விட்டுவிடக் கூடாது. பூனையின் கூரிய பல் மேலே சிறு துளையாகத் தெரிந்தாலும் கிருமிகளை ஆழத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. துளை விரைவில் மூடிக்கொள்ளும், உள்ளே சீழ் பிடிக்கும். ஓடும் தண்ணீரிலும் சோப்பிலும் 15 நிமிடம் நன்றாகக் கழுவிவிட்டு அன்றே மருத்துவரைப் பாருங்கள். பூனைக்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்ட நாளையும் அவரிடம் சொல்லுங்கள்.

வீட்டில் வேறு பூனைகளும் இருந்தால் இன்னும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பூனைகள் ஒன்றையொன்று பெரும்பாலும் மணத்தாலேயே அடையாளம் காண்கின்றன. குளித்து வந்த பூனையிடம் குடும்பத்துக்குப் பழகிய மணம் போய் ஷாம்புவின் மணம் வீசுவதால், அதுவரை ஒன்றாகப் படுத்துறங்கிய பூனைகூட அதை அந்நியனாகக் கருதிச் சீறிப் பாயலாம். ஆகவே முழுவதும் உலர்ந்து, தன்னை நக்கித் தன் மணத்தை ஓரளவு மீட்டுக்கொள்ளும் வரையில் குளித்த பூனையைத் தனி அறையில் வைத்திருங்கள். அதன் பழைய படுக்கை விரிப்பைக் குளியல் நாளில் துவைக்காமல் வைத்திருந்து, உலர்ந்த பிறகு அந்த விரிப்பாலேயே உடம்பைத் தடவிக்கொடுத்து, மற்றப் பூனைகளின் முதுகிலும் அதே விரிப்பால் ஒரு முறை தடவிவிட்டு, பிறகு கதவைத் திறங்கள். அப்போதும் சீற்றம் தொடர்ந்தால் மீண்டும் பிரித்துவைத்து, இரு பக்கமும் ஒரே நேரத்தில் மூடிய கதவை ஒட்டி உணவு வைத்து, மறுநாள் மறுபடியும் சேர்த்துப் பார்க்கலாம்.